இது ஆஸ்துமாதானா?

கடந்த ஓராண்டில் குழந்தைக்காக வாங்கிய மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்து, தேதி வரிசைப்படி தரையில் பரப்பி வையுங்கள். ஆஸ்துமாவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தவுடன் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஒரு சீட்டில் ‘சளி, இருமல்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்’. மூன்றாவதில் நோயின் பெயரே இருக்காது. ஓர் ஆன்டிபயாடிக், ஓர் இருமல் சிரப், இரண்டு வேளை நெபுலைசர், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு மருத்துவராக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அது அன்றைய தொல்லையாக மட்டுமே பார்க்கப்பட்டிருக்கும். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் ஓர் ஒழுங்கு தென்படும்: தீபாவளிக்கு மறுநாள் ஒன்று, கார்த்திகை மழையில் ஒன்று, மார்கழிப் பனியில் இரண்டு, பள்ளி திறந்து புதுச் சளி பிடித்ததும் ஒன்று. இடைப்பட்ட நாட்களில் குழந்தை ஓடியாடி நன்றாகவே இருந்திருக்கும்.

அந்த நல்ல நாட்களும் ஒரு தடயம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் எப்போதும் சற்றுக் கூச்சத்துடன் இருக்கிறது. சளிக் கிருமியோ, புகையோ, தூசியோ, குளிர்ந்த காற்றோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, கோழை சுரக்கிறது. குழாய் குறுகுவதால் உள்ளே போன காற்று வெளியே வரத் திணறுகிறது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, மருந்தாலோ தானாகவோ, அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைக்கும் நேரத்தில் நெஞ்சு சுத்தமாக இருக்கலாம். அதனால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமாகாது.

ரத்தத்தில் கிருமியைப் பார்த்து மலேரியாவை உறுதிசெய்வதுபோல ஒரே சோதனையில் ஆஸ்துமாவை உறுதிசெய்ய முடியாது. எப்போது வருகிறது, எதனால் வருகிறது, எப்படிப் போகிறது என்ற வரலாறுதான் இந்த நோயின் முக்கியச் சான்று. அந்த வரலாற்றைப் பார்த்தவர் இரவு முழுவதும் குழந்தையுடன் விழித்திருந்த நீங்கள். மருத்துவர் பார்ப்பது பத்து நிமிடம். ஆகவே நோயைக் கண்டறியும் வேலையில் பாதி உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

எதைப் பார்க்க வேண்டும்?

இருமல், வீசிங், மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் ஆகிய நான்கும் முக்கிய அறிகுறிகள். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வருவது, இரவிலும் விடியற்காலையிலும் கூடுவது, ஒரு நாள் இருந்து மறுநாள் குறைவது, ஏதோ ஒன்று தூண்டியதும் கிளம்புவது ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும்.

இவற்றில் பெற்றோரை அதிகம் குழப்புவது இருமல்தான். எந்தக் குழந்தைதான் இருமாது? பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஆனால் சாதாரணச் சளி இருமல் ஒன்றிரண்டு வாரங்களில் தேய்ந்துவிடும். ஆஸ்துமா இருமல் ஒவ்வொரு சளிக்குப் பிறகும் நெஞ்சில் இறங்கி நீளும், பெரும்பாலும் வறண்டிருக்கும், நள்ளிரவுக்குப் பிறகு, இரண்டு மணி, நான்கு மணி என்று குழந்தையை எழுப்பிவிடும். சில குழந்தைகள் இருமி இருமிக் கோழையை வாந்தியெடுத்த பிறகே கண்ணயர்வார்கள். பகலில் ஓடினாலும், விழுந்து விழுந்து சிரித்தாலும், அடம்பிடித்து அழுதாலும் இருமல் கிளம்பும். படுத்த உடனே தொடங்கி, மூக்கைச் சுத்தம் செய்ததும் அடங்கிவிடுகிற இருமல் என்றால் மூக்குச்சளி தொண்டையில் இறங்குவதாக இருக்கலாம். ஒரு நாளும் விடாமல் நான்கு வாரத்துக்கு மேல் ‘கொழகொழ’வென்று சளியுடன் வரும் இருமல் ஆஸ்துமாவைவிட வேறு காரணங்களையே, குறிப்பாக மூச்சுக்குழாயில் தங்கிவிட்ட பாக்டீரியா தொற்றை, சுட்டும். இருமல் ஈரமா வறட்சியா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

அடுத்தது வீசிங். நம் வீடுகளில் நெஞ்சில் எந்தச் சத்தம் கேட்டாலும் வீசிங் என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவர் தேடுவது ஒரு குறிப்பிட்ட சத்தத்தை: மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் மெல்லிய விசில். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல என்று பாட்டிமார் சொல்வது அதைத்தான். முதுகில் கை வைத்தால் ‘கர்கர்’ என்று அதிர்கிறது, இருமியதும் மறைகிறது என்றால் அது பெரிய குழாயில் நிற்கும் சளி. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தால் சிக்கல் குரல்வளைப் பக்கம் இருக்கிறது. அதற்கான மருத்துவமே வேறு.

இந்த வேறுபாட்டை வாயால் விளக்குவது கடினம். உலகெங்கும் குழந்தைகளிடம் ஆஸ்துமாவை அளவிட 1991-இல் தொடங்கிய ‘ஐசாக்’ என்ற பன்னாட்டு ஆய்வு, பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கு எழுத்துக் கேள்விகளுடன் வீடியோக் காட்சிகளையும் போட்டுக் காட்டியது. ஒவ்வொரு மொழியிலும் வீசிங் என்பதை வேறு வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள் என்பதே காரணம். நீங்களும் அதையே செய்யுங்கள். இழுப்பு வரும்போது மின்விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். சத்தத்துக்காகச் சில நொடிகள் கைபேசியை வாயருகே கொண்டுபோங்கள். குழந்தை மிகவும் திணறுகிறது என்றால் வீடியோ வேண்டாம்; முதலில் மருத்துவமனை.

மூச்சிரைப்பைச் சின்னக் குழந்தைகள் சொல்லமாட்டார்கள். பால் குடிக்கும் குழந்தை நிறுத்தி நிறுத்திக் குடிக்கும். இரண்டு வயதுக் குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு ‘தூக்கு’ என்று வந்து நிற்கும். ஐந்தாறு வயதில் ‘நெஞ்சு வலிக்குது’ என்பார்கள். சிலர் வயிறு வலிக்கிறது என்றுகூடச் சொல்வார்கள். பெரிய பிள்ளைகள் ஒருபடி மேலே போய்த் தங்கள் ஆட்டத்தையே மாற்றிக்கொள்வார்கள்: ஓடிப்பிடித்து விளையாடும்போது ஓரமாக நிற்பார்கள், கிரிக்கெட்டில் எப்போதும் அம்பயர். ‘அவனுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை’ என்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒருமுறை பேசிப்பாருங்கள். ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமா ஓடும்போதைவிட, ஓடி நின்ற ஐந்து பத்து நிமிடங்களில்தான் உச்சத்துக்கு வரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணியும். உடல்வலுக் குறைவால் வரும் இரைப்போ நின்றதும் சீக்கிரமே இறங்கிவிடும்.

குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பழகுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

வீட்டு வரலாறும் நோட்டுப் புத்தகமும்

‘குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா?’ என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதில்தான் வருகிறது. கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் வேறு மாதிரி கேளுங்கள். “அத்தை, இவரு சின்ன வயசுல மழைக்காலம் வந்தா இழுப்பாரா?” என்று கேட்டால், “ஆமா, பத்து வயசு வரைக்கும் இளைப்பு. ராத்திரியெல்லாம் உக்காந்தே தூங்குவான். அப்புறம் தானா போயிடுச்சு” என்று பதில் வரலாம். அப்பாவுக்குக் காலையில் அடுக்கடுக்காகத் தும்மல், சித்திக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்பவையும் சேர்த்தி. குழந்தைக்கே முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் அரிப்புடன் கூடிய கரப்பான் இருந்ததா, மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். பெற்றோரின் ஆஸ்துமாவும் குழந்தையின் தோல் ஒவ்வாமையும் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாய்தந்தை இருவருக்கும் எதுவும் இல்லாத வீட்டிலும் இந்த நோய் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு முதல் நான்கு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்: இரவில் இருமி எழுந்ததா, எத்தனை மணிக்கு, பகலில் எப்போது, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. கடைசிக் கேள்விக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் கொடுத்த பத்து இருபது நிமிடத்தில் தெளிவாக இறங்கியது என்றால் அது ஆஸ்துமாவின் பக்கம் நிற்கும் பலமான சாட்சி.

தூண்டுபவை என்று எதையெல்லாம் எழுதுவது? கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்பு, வீட்டுக்குள் பீடி சிகரெட், பழைய இலவம்பஞ்சு மெத்தையை உதறியது, பரணைச் சுத்தம் செய்தது, சுவரில் பூஞ்சை, சமையலறைக் கரப்பான்பூச்சி, பட்டாசு, போகிப் புகை, ஏசி அறை, வீட்டுப் பூனை. மிளகாய் தாளித்தால் வீடே இருமும், அதை எழுத வேண்டாம். மற்றவர்கள் எல்லாம் ஓய்ந்து அரை மணி ஆகியும் ஒரு குழந்தை மட்டும் இருமிக்கொண்டிருந்தால் எழுதுங்கள்.

ஐந்து வயதுக்குள் ஏன் இவ்வளவு தயக்கம்?

இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்றாவது முறை வீசிங். ‘ஆஸ்துமாவா?’ என்று கேட்டால் மருத்துவர் நேராகப் பதில் சொல்லாமல் ‘பார்க்கலாம்’ என்கிறார். பல பெற்றோருக்கு இது எரிச்சல் தருகிறது. ஆனால் அந்தத் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வில், ஆறு வயதுக்குள் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு ஒருமுறையாவது வீசிங் வந்திருந்தது. மூன்று வயதுக்குள் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு வயதில் அது இல்லை. சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் இயல்பிலேயே சிறியது. ஒரு வைரஸ் சளியே விசில் சத்தத்தை உண்டாக்கப் போதும். வளர வளரக் குழாய் அகலமாகிறது, தொல்லை நின்றுவிடுகிறது.

யாருக்கு நிற்காது என்பதற்கு அதே ஆய்விலிருந்து 2000-இல் ஒரு கணிப்புமுறை வந்தது. மூன்று வயதுக்குள் அடிக்கடி வீசிங் வந்து, கூடவே பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா அல்லது குழந்தைக்குக் கரப்பான் இருந்தால் ஆபத்து அதிகம். இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் மூக்கு ஒவ்வாமை, சளி இல்லாத நாட்களிலும் வீசிங், ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கணக்கு அதே. இது சோதிடம் அல்ல, சாய்வைச் சொல்லும் கருவி மட்டுமே.

இந்த வயதில் மருத்துவர்கள் கையாளும் முக்கிய வழி சோதனைச் சிகிச்சை. குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை ஸ்பேசரும் மாஸ்க்கும் பொருத்தி இரண்டு மூன்று மாதம் தினமும் கொடுப்பது, தேவைப்படும்போது சால்பியூட்டமால். இரவு இருமலும் இழுப்பும் தெளிவாகக் குறைந்து, மருந்தை நிறுத்தியதும் திரும்ப வந்தால் ஆஸ்துமா என்ற முடிவு வலுப்பெறும். நிறுத்திய பிறகும் வரவில்லை என்றால் அது வைரஸோடு வந்து போன தொல்லையாகவே இருந்திருக்கலாம். எந்த மாற்றமும் இல்லை என்றால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிட வேறு நோயைத் தேடுவதுதான் முறை. இந்தச் சிகிச்சை ஒரு கேள்விக்கான விடை என்பதால் இடையில் நீங்களாக நிறுத்திவிட்டால் விடை கிடைக்காது. தொடங்கும் நாளிலேயே மறுபடி எப்போது பார்த்து முடிவெடுப்போம் என்று கேட்டுத் தேதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதனைகள்

ஐந்தாறு வயதுக்குப் பிறகு ஸ்பைரோமெட்ரி செய்ய முடியும். ஆழமாக இழுத்த மூச்சை ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் வேகமாக ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று கருவி அளக்கும். பிறகு சால்பியூட்டமால் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடி அளவு 12 சதவீதத்துக்கு மேல் கூடினால் குறுகியிருந்த குழாய் மருந்தால் விரிந்திருக்கிறது என்று பொருள். சோதனைக்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து சால்பியூட்டமால் கொடுக்கக் கூடாது. ஆனால் இழுப்பு வந்தால் கொடுத்துவிட்டுச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். முதல் முறை பல குழந்தைகளுக்குச் சரியாக ஊத வராது. வீட்டில் பலூன் ஊதவிட்டுப் பழக்குவது உதவும். முடிவு இயல்பாக வந்தாலும் ஆஸ்துமா இல்லை என்றாகிவிடாது; தொல்லை இருக்கும் நாட்களில் மறுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

பீக் ஃப்ளோ மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய பிளாஸ்டிக் குழாய். ஸ்பைரோமெட்ரி வசதி இல்லாத ஊர்களில் இது பேருதவி. காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை மட்டும் எழுத வேண்டும். இரண்டு வாரக் கணக்கில் ஒரு நாளுக்குள் உள்ள ஏற்ற இறக்கம் சராசரியாக 13 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமாவுக்கு ஆதரவு. ஐந்து முதல் பதினாறு வயதுவரை அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவுகட்டாமல் இத்தகைய அளவுகளாலும் உறுதிசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் 2021-இல் வலியுறுத்தியது. நம் ஊரில் எல்லா இடத்திலும் அது நடக்காது என்றாலும் கேட்பதில் தவறில்லை.

எக்ஸ்ரே ஆஸ்துமாவைக் காட்டாது. வேறு நோய் இல்லை என்று பார்க்கவே அது. ஐஜிஇ ரத்தச் சோதனையும் தோல் ஒவ்வாமைச் சோதனையும் குழந்தையின் ஒவ்வாமையைச் சொல்லுமே தவிர நோயைச் சொல்லாது. பல ஆயிரம் ரூபாய்க்கு நூறு பொருட்களைச் சோதித்து, பட்டியலில் வந்த முட்டையையும் பாலையும் நிறுத்திக் குழந்தையை இளைக்கவைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. வரலாறு எதைச் சுட்டுகிறதோ அதை மட்டும் சோதித்தால் போதும்.

ஆஸ்துமா என்று தவறாக எண்ணப்படுபவை, வேறாக எண்ணப்படும் ஆஸ்துமா

தமிழ்நாட்டில் விடாத இருமலுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் பெயர் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’. காசநோயின் தொடக்க நிலை அது. மாண்டூ ஊசி போட்ட இடம் லேசாகத் தடித்தது, எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் என்ற அளவிலேயே ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கிய ஆஸ்துமாக் குழந்தைகள் ஏராளம். மாண்டூ சொல்வது உடம்பு அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதை மட்டுமே. இரண்டு வாரத்தைத் தாண்டிய காய்ச்சல், எடை குறைதல், வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ காசநோயாளி ஆகியவை இருந்தால் உடனே சோதிக்க வேண்டும். சளியிலோ இரைப்பை நீரிலோ கிருமியைத் தேடும் சோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். எடை நன்றாகக் கூடி, காய்ச்சலில்லாமல், விட்டுவிட்டு வரும் இருமலுக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கச் சொன்னால் இன்னொரு குழந்தைகள் நல மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

‘ஈஸ்னோபீலியா’வும் அப்படித்தான். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு எதிராக நுரையீரல் காட்டும் எதிர்வினையால் வரும் உண்மையான நோய் ஒன்று உண்டு. அதுவும் இரவு இருமலும் இழுப்பும்தான். ஆனால் அதில் ஈசினோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-ஐத் தாண்டும். எட்டு, பத்து சதவீதம் என்ற சிறு ஏற்றம் ஒவ்வாமையாலோ குடற்புழுவாலோ வருவது.

திடீரென்று, விளையாடிக்கொண்டிருந்தபோதோ நிலக்கடலை தின்றபோதோ புரையேறி, அதன்பின் தொடங்கிய வீசிங் என்றால், அதுவும் நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் கேட்டால், மூச்சுக்குழாயில் கடலையோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம். ஒன்று முதல் மூன்று வயதில் இது மிகுதி. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. புரையேறியதை நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

பிறந்ததிலிருந்தே சத்தமான மூச்சு, எடை கூடாமை, பால் குடித்ததும் இருமல், இதய முணுமுணுப்பு, விரல்நுனி பருத்தல், திரும்பத் திரும்ப நிமோனியா ஆகியவை இருந்தால் ஆஸ்துமா என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மேல்சிகிச்சை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாத நேரம்

மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே ஒடுங்குவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திக்குவது, பால் குடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்வது, அரைமயக்கம், ஆக்சிமீட்டரில் 92-க்குக் கீழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். குழந்தையை உட்கார்த்தி வைத்து, மருத்துவர் ஏற்கனவே தந்த சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். சோர்ந்துபோன குழந்தையின் நெஞ்சில் விசில் சத்தம் திடீரென்று நின்றுபோனால் நிம்மதி அடையாதீர்கள். காற்றே போகாத அளவுக்குக் குழாய் அடைபட்டிருக்கலாம்.

பெயரைக் கேட்டு வாங்குங்கள்

இந்தியாவில் வீசிங் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவர் சொல்லத் தயங்குவதற்கு நாமும் காரணம். ‘பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேசணும்’ என்ற கவலையில் ஆறு வயதிலேயே பெயரை மறைக்கிறோம். பெயர் இல்லாமல் போனால் அதற்குரிய தடுப்பு மருந்தும் இல்லாமல் போகிறது. குழந்தைக்குக் கிடைப்பது மாதாமாதம் ஆன்டிபயாடிக்கும், இரவு பதினொரு மணிக்கு நெபுலைசருக்கு ஓடும் ஆட்டோவும்தான். “இது ஆஸ்துமாவா, இல்லையா, இன்னும் தெரியவில்லையா? எதை வைத்துச் சொல்கிறீர்கள், டாக்டர்?” என்று கேளுங்கள். பதிலைக் கோப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உறுதியான பிறகும் அந்தப் பதில் மாறலாம். மூன்று மாதம் ஒழுங்காக மருந்து எடுத்தும் குறையவில்லை என்றால், முதலில் ஸ்பேசரில் மூச்சிழுக்கும் முறையை மருத்துவர் முன்னிலையிலேயே செய்துகாட்டுங்கள். பலருக்கு மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துவதில்லை. அது சரி, மருந்தும் விடாமல் எடுத்தோம், வீட்டில் புகையும் இல்லை என்றால், சீட்டுகளையும் நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.